தேயிலை உயரத்தில் ஒரு மஞ்சள் செம்பருத்தி

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஈப்போவில் பேருந்து ஏறினேன். கட்டணம் இருபத்திரண்டு ரிங்கிட். நில அலுவலகத்தில் முப்பது வருடம் பிறர் மனுக்களைத் திருப்பி அனுப்பியவன் நான். ஓய்வுக்குப் பின் செடிகளைப் பார்த்துக் குறித்துவைக்கிறேன்; அவை மனுப் போடுவதில்லை.

அழைத்தவள் தனலெட்சுமி. மனைவி வழியில் மருமகள் முறை. கேமரன் மலையில் தேயிலை பறிக்கிறாள். "மஞ்ச செம்பருத்தி பூத்திருக்கு மாமா. திங்கக்கிழம கவாத்து, எல்லாத்தையும் முழங்காலளவு வெட்டிருவாங்க. சீக்கிரம் வாங்க" என்றாள் தொலைபேசியில்.

ஒன்பதரைக்கு மலையின் முதல் ஊரான கம்போங் ராஜா. திரிங்காப்பில் முட்டைக்கோசு லோரி ஒன்று எங்களுக்கு முன்னால் ஊர்ந்தது. கியா பார்ம் சந்தையில் பத்து ரிங்கிட்டுக்கு ஸ்ட்ராபெர்ரி வாங்கினேன். பெட்டி மேலிருந்த படத்தில் மட்டும்தான் இனித்தது.

பதினொரு மணிக்குக் கங்காணி முருகையா தன் வண்டியில் தோட்டத்துக்குள் நான்கு கிலோமீட்டர் ஏற்றிப் போனார். தனலெட்சுமி வரிசையோரம் காத்திருந்தாள்.

"இந்தச் செடியா சார்? கொழுந்து பறிக்கிற ஒவ்வொரு சுத்துலயும் மிஷின்ல சீவுறோம். தேயிலை வரிசையில நின்னா அதுவும் தேயிலைதான் லா" என்றார் முருகையா.

"அண்ணன் கையில மிஷின் இருந்தா கல்யாண வீட்டு வாழமரமும் தேயிலையாத்தான் தெரியும்" என்றாள் அவள். கடைசி இரண்டு பறிப்பிலும் அந்தச் செடியை மட்டும் அவள் சீவாமல் விலகிப் போயிருக்கிறாள். அதனால்தான் பூ.

குனிந்து பார்த்தேன். இலை இதய வடிவம். அடிப்புறம் நட்சத்திரம் போன்ற நுண்மயிர், தடவினால் பூனைக் காது. ஐந்து இதழ்கள், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த எலுமிச்சை மஞ்சள். நடுவில் கருஞ்சிவப்புக் கறை. புல்லிவட்டத்துக்கு அடியில் காப்பாக இன்னொரு சிறு வட்டம். காலையில் விரியும் பூ மாலைக்குள் வாடிவிடும். புதுக்கிளையின் நுனியில்தான் அரும்பும். நுனியைச் சீவியே வருடக்கணக்காக இதைப் பூக்கவிடாமல் வைத்திருந்தார்கள். தோட்டத்துக்கு முன்பிருந்த காட்டின் மிச்சம். இச்சரிவில் இதுபோல் வேறு இல்லை என்றாள் தனலெட்சுமி.

ஒரே ஒரு காய், பச்சையாக. அது காய்ந்து ஐந்தாக வெடித்து விதை தர இன்னும் ஒரு மாதமாவது வேண்டும். கவாத்துக்கு இரண்டு நாள்.

"மாமா, நீங்கதான் கவர்மெண்டுல இருந்தீங்களே. ஒரு லெட்டர் போட்டா?"

மூன்று பிரதி, ஒப்புகை, நினைவூட்டல். பதில் வருவதற்குள் செடி விறகாகிவிடும். நிமிர்ந்தேன். தேயிலைக்கு நடுவே நின்ற நிழல் மரங்களின் அடித்தண்டில் வெள்ளைப் பெயிண்ட் வளையம்.

"அது எதற்கு?"

"வெட்டக்கூடாதுன்னு அடையாளம் சார். மேனேஜர் துரை ஆர்டர் இல்லாம எவனும் தொடமாட்டான்" என்றார் முருகையா.

"வளையம் போட யார் ஆர்டர்?"

முருகையா யோசித்தார். "அத இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"பெயிண்ட்?"

"ஸ்டோர்ல இருக்கு." அவரே போய் எடுத்துவந்தார். விரல் தடிமனுள்ள தண்டில் வளையம் போட்டோம். இடுப்பளவு உயரத்தில் உலகின் மிகக் குட்டையான நிழல் மரம்.

மேலாளருக்கு மனுவும் எழுதிக் கொடுத்துவிட்டே கிளம்பினேன். முதலில் வேலை, பிறகு மனு: என் காலத்தில் அப்படிச் செய்த ஒருவரையும் நான் சும்மா விட்டதில்லை.

திங்கள் மாலை தனலெட்சுமி அழைத்தாள். "சுத்தி எல்லாம் மொட்ட மாமா. அது மட்டும் நிக்குது. காயும் இருக்கு."

என் வீட்டு வேலி சிவப்புச் செம்பருத்தி. ஞாயிறுதோறும் நூல் பிடித்துச் சமமாக வெட்டுவேன். பூப்பதே இல்லை என்று நாற்றுக்கடைக்காரரோடு இரண்டுமுறை சண்டையும் போட்டிருக்கிறேன். இந்த ஞாயிறு கத்தரியை எடுக்கவில்லை. வெள்ளைப் பெயிண்ட் ஒரு சிறு டின் வாங்கிவந்தேன்.