இடது கை தூக்கிய பிள்ளைகள்

ஒரு கேள்வி கேட்டதும் வகுப்பு முழுக்கக் கை தூக்கினால், அந்த வகுப்பில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். எந்த ஊரிலும், எந்தக் காலத்திலும், எல்லாப் பிள்ளைகளுக்கும் பதில் தெரிந்திருந்ததாகச் சரித்திரம் கிடையாது. ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டு ஓய்வு பெற்றவள் நான். எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்ததுதான் இப்போது தொல்லையாக இருக்கிறது.

எங்கள் காலத்தில் இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றால் முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லி வைப்போம். பதில் தெரிந்தவன் வலது கையைத் தூக்கு, தெரியாதவன் இடது கையைத் தூக்கு, தூக்காமல் மட்டும் உட்கார்ந்திருக்காதே. வருகிற அதிகாரியின் கண்ணுக்கு வகுப்பு முழுக்கக் கையாகத் தெரியும். நாங்கள் வலது கையாகப் பார்த்து எழுப்பிவிடுவோம். அவரும் திருப்தியாக ஒரு பிஸ்கட்டைக் கடித்துவிட்டுப் போவார். அதன் பிறகு ஸ்டாஃப் ரூமில் டீ குடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரிப்போம். இதை நாங்கள் யாரும் பொய் என்று நினைத்ததில்லை. சம்பந்தி வருகிறார்கள் என்றால் கிழிந்த பாயை உள்ளே தள்ளிவிட்டு நல்ல பாயை விரிக்கிறோமே, அந்த மாதிரி ஒரு மரியாதை என்றுதான் நினைத்திருந்தோம்.

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருந்தவளைப் போன வருடம் ஒரு குழுவில் போட்டார்கள். எண்ணூர் போகிற வழியில், கடலோரக் குப்பத்தை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம். கட்டடம் அரசாங்கத்தினுடையது, நடத்துவது ஓர் அறக்கட்டளை. பாடம் எப்படி நடக்கிறது, கணக்குவழக்கு சரியாக இருக்கிறதா என்று ஒப்பந்தக் காலம் முடியும் சமயத்தில் ஒரு குழு போய்ப் பார்க்கும். அது எழுதுவதைப் பொறுத்துத்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். குழுவில் நாங்கள் மூன்று பேர். தலைவராக ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர், கணக்குப் பார்க்க ஒருவர், வகுப்புகளைப் பார்க்க நான்.

அதிகாரி காரிலேயே பாதி முடிவெடுத்துவிட்டார். "சின்ன ஸ்கூல் மேடம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய ஸ்கூல் இருக்கே, அதோட சேத்துட்டா வேலை முடிஞ்சுது. இதுக்கு எதுக்குத் தனியா ஒரு ஒப்பந்தம்?" என்றார். அவர் இதைச் சொன்னபோது எங்கள் வண்டி கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நகர முடியாமல் நின்றுகொண்டிருந்தது. இந்த ரோட்டைத் தாண்டித்தான் குழந்தைகள் போக வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, ஆனால் பெரிய மனிதர் பேசும்போது குறுக்கே விழ வேண்டாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பள்ளிக்கூட வாசலில் அம்மாக்கள் கூடியிருந்தார்கள். அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். அன்றைக்குக் காற்று தொழிற்சாலைப் பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்தது. பின்னால் போன என் கையை, இடுப்பில் மீன்கூடை வைத்திருந்த ஒருத்தி பிடித்துக்கொண்டாள்.

"டீச்சரம்மா, நீங்கோ கல்மண்டபமாமே? நம்ம ஏரியா ஆளு. இஸ்கோலை மூடிடப் போறாங்கன்னு சொல்லிக்கினு கீறாங்க. மூடிட்டா எம் பொண்ணை எங்க அனுப்பறது? அந்தாண்ட போவணும்னா ரோட்டைத் தாண்டணும். லாரிக்காரன் இன்னா நின்னு பாத்தா போறான்? வூட்லதான் குந்த வெப்பேன்."

"ஒண்ணும் ஆகாது, போம்மா" என்றேன். நம்ம ஏரியா ஆளு என்று அவள் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் உச்சி குளிர்ந்துவிட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை.

உள்ளே போய்ப் பார்த்தால் பள்ளிக்கூடம் எனக்குப் பிடித்திருந்தது. நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் முதலில் கழிவறையைத்தான் பார்ப்பேன். தண்ணீர் வந்தது, தாழ்ப்பாள் இருந்தது, பெண் பிள்ளைகள் பயப்படாமல் போய் வந்தார்கள். தலைமையாசிரியை ஆரம்பத்திலிருந்தே அங்கே இருப்பவர். ஒவ்வொரு பிள்ளையையும், எந்த வீடு, அப்பா என்ன வேலை, காலையில் என்ன சாப்பிட்டது என்பதுவரை அறிந்து வைத்திருந்தார். என் மனசு அப்போதே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

ஐந்தாம் வகுப்புக்கு வந்தோம். கணக்குப் பார்ப்பவர் தலைமையாசிரியை அறையிலேயே தங்கிவிட்டார். வகுப்பு ஆசிரியை சின்னப் பெண், சுண்ணக்கட்டியை மேசையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். அதிகாரி தமிழ்ப் புத்தகத்தை வாங்கி, நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து, "இதைப் படிக்கத் தெரிஞ்சவங்க கை தூக்குங்க பாக்கலாம்" என்றார்.

எல்லாரும் தூக்கினார்கள். ஒரு கைகூடக் கீழே இல்லை.

அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. நான் கைகளைப் பார்த்தேன். இடது, இடது, வலது, இடது. பாதிக்கு மேல் இடது கை. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடடா, இந்த வித்தை இன்னும் உயிரோடுதான் இருக்கிறதா என்று பழைய சிநேகிதியைக் கண்ட சந்தோஷம்கூட வந்தது. அப்புறம்தான் எண்ணிப் பார்த்தேன். இத்தனை இடது கைகளா? ஐந்தாம் வகுப்பு வந்தும் தாய்மொழியில் ஒரு பத்தி படிக்கத் தெரியாத பிள்ளைகள் இத்தனை பேரா?

அதிகாரி புத்தகத்தை என்னிடம் நீட்டி, "நீங்களே கூப்பிடுங்க மேடம்" என்றார்.

ஆசிரியை என்னைப் பார்த்தாள். நான் ஒரு வலது கையைக் கூப்பிட்டேன். அந்தப் பையன் கணீரென்று படித்தான். அடுத்து இன்னொரு வலது கை, அதற்கடுத்து இன்னொன்று. பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். மூன்றாவது பிள்ளை எழுந்து நின்றபோது ஆசிரியை சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

ஜன்னலோரமாக, சிவப்பு ரிப்பனில் ரெட்டைச் சடை மடித்துக் கட்டிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இடது கை. என் பார்வை அந்தப் பக்கம் போன முதல் தடவை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது தடவை லேசாகப் பயந்தாள். மூன்றாவது தடவை அவளுக்குப் புரிந்துவிட்டது, இந்த டீச்சர் வலது கையை மட்டும்தான் கூப்பிடுவார் என்று. அதற்குப் பிறகு அவள் கை இன்னும் உயரமாக, கூரையைத் தொடுகிற மாதிரி எழுந்தது. அவள் அதை விளையாட்டாக அனுபவிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் வாசலில் என் கையைப் பிடித்தவளின் மகள் என்பது, வகுப்பு முடிந்து அவள் அம்மாவிடம் ஓடியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

தலைமையாசிரியை அறையில் டீ கொடுத்தார்கள். அதிகாரிக்கு இப்போது காரில் இருந்த எண்ணமே இல்லை. "பரவாயில்லை மேடம், நல்லாவே படிக்கறாங்க. புதுப்பிக்கலாம். ஏதாவது நிபந்தனை போடணுமா? நீங்கதான் சொல்லணும்" என்றார்.

அப்படிப் போட எங்களுக்கு அதிகாரம் இருந்தது. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு அறக்கட்டளை தனியாக ஓர் ஆசிரியரை வைக்க வேண்டும், சில மாதம் கழித்துக் குழு மறுபடியும் வந்து பார்க்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும். பள்ளிக்கூடமும் பிழைத்திருக்கும், பிள்ளைகளும் எழுத்துக் கூட்டப் பழகியிருப்பார்கள். என்னைக் குழுவில் போட்டதே இந்த ஒரு வரிக்காகத்தான்.

நான் வாயைத் திறந்தேன். பாதிப் பேருக்குப் படிக்க வராது என்று சொன்னால், அப்படியானால் மூடிவிடலாம் என்று இந்த மனிதர் பழையபடி ஆரம்பித்துவிடுவாரே என்று பயம் வந்தது. அந்தப் பயம் நிஜம்தான். ஆனால் அதை மட்டும் சொல்லிக்கொண்டு தப்பித்தால் நான் மகா யோக்கியக்காரி ஆகிவிடுவேன். இன்னொரு பயமும் இருந்தது. "நீங்க கூப்பிட்ட பிள்ளைங்க எல்லாம் படிச்சாங்களே மேடம், எப்படி?" என்று அவர் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான்.

"ஒண்ணும் வேண்டாம் சார். பிள்ளைங்க எல்லாம் துடியா இருக்காங்க" என்றேன்.

ஒப்பந்தம் நிபந்தனை எதுவும் இல்லாமல் புதுப்பிக்கப்பட்டது. தலைமையாசிரியை போனில் அழுதார். "உங்களுக்குப் புண்ணியம் மேடம்" என்றார். என்னோடு வேலை பார்த்த சிநேகிதியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அந்தக் காலத்து மாதிரியே விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "நீ செஞ்சது தர்மம்டி. பொம்பளைப் பிள்ளைங்க படிப்பு நின்னு போயிருக்கும்" என்றாள். அதை நான் நாலு பேரிடம் திருப்பிச் சொன்னேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எனக்குக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் தனியாக இருக்கும்போது அது தர்மமாகத் தெரியவில்லை. எங்கள் காலத்தில் இன்ஸ்பெக்‌ஷன் முடிந்த மறுநாள், இடது கை தூக்கிய பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக் கொடுப்போம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நாங்கள் அப்படிச் செய்ததில்லை. அதிகாரி போனதோடு எங்களுக்கு வேலை முடிந்தது. அந்தப் பிள்ளைகள் இடது கையோடு அடுத்த வகுப்புக்குப் போனார்கள், அங்கிருந்து எங்கே போனார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அன்றைக்கு நான் ஆசிரியை, பயம் இருந்தது என்றாவது சொல்லலாம். இப்போது பார்க்கப் போனவளே நான். எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

பரிகாரம் தெரியாமலும் இல்லை. தலைமையாசிரியைக்கு ஒரு போன் போட்டு, வாரம் ஒரு நாள் நானே வந்து வாசிக்கச் சொல்லித் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். என் வீட்டு வாசலிலேயே பஸ் கிடைக்கும். மழை விடட்டும் என்றேன், முட்டிவலி குறையட்டும் என்றேன், அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்றேன். சோம்பேறிக்குச் சாக்குக்கா பஞ்சம்? வருடம் ஓடிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக் கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் போனேன். "டீச்சரம்மா!" என்று ஒரு குரல். அதே அம்மாதான். கருவாட்டுக் கூடையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்தப் பெண், ஒரு முழம் வளர்ந்திருந்தாள்.

"இன்னா டீச்சரம்மா, கண்டுக்காம போறீங்கோ? உங்க புண்ணியத்துலதான் இஸ்கோல் கீது. இவோ இப்ப ஆறாவது. எங்க வம்சத்துலயே எனக்கும் தெர்யாது, எங்கம்மாக்கும் தெர்யாது. படிக்கத் தெர்ஞ்ச மொத ஆளு இவோதான்" என்றவள், பொட்டலம் மடிக்க வைத்திருந்த பழைய செய்தித்தாளிலிருந்து ஒன்றை உருவி மகளிடம் கொடுத்தாள். "ஏய், டீச்சரம்மாக்குப் படிச்சிக் காட்டு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். தாளில் கரையோரம் நிறுத்திய படகுகளின் படம் இருந்தது. அவள் விரலை முதல் வரிக்குக் கீழே வைத்து, நகர்த்தி, வேண்டிய இடத்தில் மூச்சு வாங்கி, டிவியில் செய்தி சொல்கிறவர்களின் குரலில் படித்தாள். "கடலில் காற்று பலமாக வீசுவதால் மீனவர்கள் யாரும் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று அதிகாரிகள் கேட்டுக்கொண்டுள்ளனர்."

ஆசிரியை வேலை பார்த்தவர்களுக்குத் தலைகீழாகப் படிக்க வரும். விரலுக்கு மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: பழைய படகுகள் ஏலம்.

"ஒயுங்கா படிக்குதா டீச்சரம்மா?" என்று அம்மா கேட்டாள். பக்கத்துக் கடைக்காரிகள் இரண்டு பேர் வியாபாரத்தை விட்டுவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் பழகணும், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு அனுப்பு. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்தப் பெண்ணின் விரல் இன்னும் தாளின் மேலேயே இருந்தது, தாயின் முகத்தில் அப்படியொரு பெருமை.

"நல்லாப் படிக்கிறா" என்றேன்.

"கேட்டுக்கினியாடி?" என்று பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்து அம்மா சத்தம் போட்டாள். அந்தப் பெண் அதே தாளில் நெத்திலிக் கருவாட்டை அள்ளிப் போட்டு, அழகாகப் பொட்டலம் மடித்து, என் கையில் வைத்துவிட்டுச் சிரித்தாள். அதில் பயம் இல்லை, நன்றியும் இல்லை. தன் கூட்டாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது.