அத்தையின் முழங்கை உறைகள்

பேரன் சைக்கிள் பழகுகிறான். அவனுக்கு முழங்கைக் காப்பு வாங்கப் போன வாரம் அட்டனுக்குப் போனேன். தையல் தாங்குமா, பட்டி இறுக்குமா என்று புரட்டிப் பார்த்து ஏழாவது சோடியைக் கையில் எடுத்தபோது கடைக்காரப் பையனுக்குப் பொறுமை போய்விட்டது.

“எல்லாம் ஒண்ணுதாங்க ஐயா. விழுந்தாத்தான் எது நல்லதுன்னு தெரியும்.”

எல்லா விழுகையும் ஒன்றல்ல. என் அத்தை விழுந்ததைப் பார்த்தவன் நான்.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பாவின் கடைசித் தங்கை எங்களோடு தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அவளுக்கு மூன்று வாரம் இருந்தது. எங்கள் லயத்தின் இருபது வீடுகளில் பத்தாம் வகுப்பைத் தொட்ட பெண் அவள் ஒருத்திதான். அந்த நேரம் பார்த்து, தலவாக்கலையில் கடை வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். பிடித்துப்போனால் அடுத்த வாரமே கல்யாணம்.

“பரீட்சை எதுக்கு? கடையில அரிசி நிறுக்கப் பரீட்சையா கேக்கப் போறாங்க?” என்றார் அப்பா.

அத்தை அழவில்லை. முந்தின நாள் சனிக்கிழமை நடக்கிற கரப்பந்துப் போட்டிக்காவது போகவிடுங்கள் என்று மட்டும் கேட்டாள்.

பள்ளிக்கூட மைதானம் முழுக்கச் சரளைக்கல். பெண்ணின் கையில் காயத்தைப் பார்த்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று அப்பாவுக்குப் பயம். அவர் மலையில் கவ்வாத்து வெட்டுகிறவர். வெட்டிவிட்ட தேயிலைக் கிளைகள் ஆணி மாதிரி நிற்கும். அவை கிழிக்காமல் இருக்கக் கவ்வாத்துக்காரர்கள் கையில் சாக்கைச் சுற்றிக்கொள்வார்கள். அதே யோசனையில், அம்மா கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் ஓரம் வெட்டி, உள்ளே பழைய கம்பளியை மடித்து வைத்து, கோணி ஊசியால் தைத்து, நாடா கோத்து இரண்டு உறைகள் செய்தார். போட்டுப் பார்த்தால் முழங்கையில் தேங்காய் மூடியைக் கவிழ்த்த மாதிரி இருந்தது.

“ஒரு கீறல் படக் கூடாது, சொல்லிட்டேன்” என்றார் அத்தையிடம். என்னிடம், “நீ கூடவே போய்ப் பாத்துக்க” என்றார். எதையும் எண்ணிப் பார்க்கிற பையன் என்று எனக்கு அப்போதே பெயர்.

எதிர்ப்பக்கத்துப் பெண்கள் உறைகளைப் பார்த்துச் சிரித்தார்கள். “ஏண்டி, வெளையாட வந்தியா, கவ்வாத்துக்கு வந்தியா?” என்றாள் ஒருத்தி.

“ரெண்டுக்கும்தான். மொதல்ல ஒங்கள வெட்டிட்டு மலைக்குப் போறேன்” என்றாள் அத்தை.

முதல் ஆட்டத்தில் வெட்டவும் செய்தாள். இரண்டாவதில் தோற்றோம். மூன்றாவது தொடங்குமுன் லேசாகத் தூறியது. அத்தை என்னிடம் வந்து உறைகளை அவிழ்த்து மடியில் போட்டாள்.

“இத வச்சிரு மருமவனே. நனைஞ்சு வழுக்குது.”

தொட்டுப் பார்த்தேன். நனையவே இல்லை.

“அப்பா ஏசுவாரு அத்தை.”

“ஏசட்டும்.”

அதன் பிறகு அவள் விழத் தொடங்கினாள். எட்டாத பந்துக்கு விழுந்தாள், அது சரி. கோட்டைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்த பந்துக்கும் விழுந்தாள். சும்மா விட்டிருந்தால் எங்களுக்கு வந்திருக்க வேண்டிய புள்ளியைத் தொட்டுக் கெடுத்தாள். அப்படி ஆறு பந்து. பழக்கிவிட்ட யாழ்ப்பாணத்து மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“பிள்ளை, அது வெளியால போற பந்து. என்னத்துக்கு விழுறாய்?”

“உள்ள வர்ற மாதிரி இருந்திச்சு சேர்” என்றாள் அத்தை, இரண்டு முழங்கையிலும் ரத்தம் கசிய.

தோற்றோம். நான் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன். அத்தை முன்னால் வேகமாக நடந்தாள்.

வீட்டு வாசலில் அப்பா அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபத்தைவிடக் கவலைதான் அதிகம் தெரிந்தது.

“நாளைக்கு இந்தக் கையோட எப்படி நாலு பேரு முன்னாடி நிக்க வைக்கிறது?”

அம்மா மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். “சாதாரணக் காயமாங்க இது? கல்லு உள்ள போயிருக்கு. ஆற ஒரு மாசமாவது ஆகும். அப்புறமா வரச் சொல்லுங்க.”

காயங்களில் எனக்கு அனுபவம் அதிகம். என் முட்டிகளில் அப்போது நான்கு தழும்புகள் இருந்தன.

“இல்லம்மா, பத்து நாள்ல பொருக்கு விழுந்துரும்” என்றேன். “நான் எண்ணியிருக்கேன்.”

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தபடியே, மஞ்சள் கையால் என் தொடையில் நன்றாகக் கிள்ளினாள். நான் போட்ட சத்தத்தில் பேச்சு அதோடு நின்றுபோனது. அப்பா குடையை எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டுக்குத் தகவல் சொல்லக் கிளம்பினார்.

அவர் லயத்து முனையைத் திரும்பியதும் அத்தை, மஞ்சள் காயாத கைகளைத் தூக்கிப் பிடித்தபடி, “மருமவனே, கணக்குப் புத்தகத்த எடுத்து விரிச்சு வையேன்” என்றாள். அம்மாவும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். தோற்றுவிட்டு வந்தவளுக்கு என்ன சிரிப்பு, உண்மையைச் சொன்னவனுக்கு ஏன் கிள்ளு என்று ஒன்றும் விளங்காமல், தொடையைத் தடவிக்கொண்டே பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தேன்.