கீழ்வீட்டுக்காரரின் நோட்டு

அமெரிக்காவில் இந்த இர்விங் ஊரில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. படியில் எதிர்ப்பட்டால் "ஹவ் ஆர் யூ" என்பார்கள். பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விடுவார்கள். கூடையில் என்ன காய் என்பதுவரை விசாரிக்கும் மதுரைத் தெருவில் வளர்ந்த எனக்கு ஆரம்பத்தில் இது வலித்தது. பிறகு வசதியாகிவிட்டது. ஏனென்றால் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தேன். கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள். எனக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. மாட்டினால் கிரீன் கார்டு அம்போ. இதைக்கூட வேறு பெயரில்தான் எழுதுகிறேன்.

அதனால் கீழ்வீட்டு ஸ்டெலியோஸைக் கண்டாலே தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் படியேறிவிடுவேன். மகளோடு வசிக்கும் வயதான கிரேக்கர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம் ஆட்கள் மாவு வாங்கக் காலி டப்பாவோடு படியேறும்போதெல்லாம் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு நோட்டில் என்னவோ எழுதுவார்.

"அந்தாளு கண்டிப்பா ரிப்போர்ட் பண்ணப் போறாருங்க."

"அவர் ஏதாவது கிராஸ்வேர்ட் போடுவாரும்மா. நீ ஓவரா திங்க் பண்ணாத," என்றார் கணவர்.

கிராஸ்வேர்டாம்! ஒருநாள் மாவு டப்பாவோடு படியிறங்கிய என்னை நிறுத்தி, டப்பாவில் என்ன என்று கேட்டே விட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன்: கோயில் பிரசாதம். அதையும் எழுதிக்கொண்டார். சாமி பெயரில் பொய் சொல்லிவிட்டேனே பாவி என்று அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை. அடுத்த வெள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் "கிரைண்டர் ரிப்பேர்" என்று போட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவர் மகள் வந்தாள். அப்பா நாடகாசிரியராம். ஏதென்ஸில் ராணுவ ஆட்சியின்போது பக்கத்து வீட்டுக்காரனே காட்டிக்கொடுத்து, நாடகம் எழுதியதற்காக ஜெயிலுக்குப் போனவராம். பல வருடம் கழித்துப் புதிதாக ஒன்று எழுதியிருக்கிறார், சனிக்கிழமை நூலகத்தில் நடித்து வாசிக்கிறார்கள், அவசியம் வாருங்கள் என்றாள். என்னை ஏன் கூப்பிடுகிறார்கள்? போகாவிட்டால் இன்னும் சந்தேகம் வருமே என்று போனேன்.

மேடையில் ஒரு மாடிவீட்டுக்காரி. கிரேக்கப் பெண். ஜெர்மனியில் அனுமதி இல்லாமல் வீட்டிலேயே பாலாடைக்கட்டி செய்து விற்கிறாள்; கேட்டால் சர்ச்சுக்கு என்கிறாள். படியில் பழக்கமில்லாத காலடி கேட்டால் ஜன்னலை மூடிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பெயர், ஊர், நாடு எல்லாவற்றையும் மாற்றியிருந்தார் மனிதர். பயத்தை மட்டும் அப்படியே வைத்திருந்தார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த ஸ்டெலியோஸ் என் காதருகே குனிந்தார். அது பிரசாதம் இல்லை என்று எனக்கு அன்றே தெரியும், நோட்டைக் கிழித்துவிட்டேன், பயப்படாதே என்றார். நம்பலாமா? பாதி மனசு இன்றும் நம்பவில்லை.

நாடகம் முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று அந்தப் பெண்ணுக்குக் கைதட்டியது. அது நான்தான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. இத்தனை வருடத்தில் இந்த நாடு எனக்காக எழுந்து நின்றது அன்றுதான். நானும் எழுந்து, யாரோ ஒருத்திக்குத் தட்டுவதுபோலத் தட்டினேன்.