ரெண்டு உயில், ரெண்டு வேன்

என் தங்கச்சி காய்ச்சலில் போனபோது அவள் மகளுக்கு நடக்கக்கூடத் தெரியாது. தங்கச்சி மாப்பிள்ளை வேறு கல்யாணம் செய்துகொண்டு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார். பிள்ளையை நானும் என் வீட்டுக்காரரும் வளர்த்தோம். எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை. என்னைப் பெரியம்மா என்பாள், அவரைப் பெரியப்பா என்பாள். இப்போது விருதுநகரில் காலேஜ் படிக்கிறாள்.

முறையாகத் தத்து எடுத்ததற்கு எங்களிடம் எந்த அத்தாட்சியும் கிடையாது. எம். புதுப்பட்டியில் வீடு என் பேரில் இருக்கிறது. ஆமத்தூரில் ஒரு துண்டுக் கரிசல் காடு அவர் பேரில். எங்களுக்குப் பிறகு ரெண்டும் அவருடைய அண்ணன் தம்பிமாருக்குத்தான் போகும், பிள்ளைக்கு ஒன்றும் நிற்காது என்று ஒரு கல்யாண வீட்டில் யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். அதன்பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுவாரமே ரெண்டு பேரும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு விருதுநகருக்குப் பஸ் ஏறினோம்.

பத்திரம் எழுதுகிறவர் ஒரு பெண். என் வயசுதான் இருக்கும். விவரத்தைக் கேட்டுவிட்டு, "ஆளுக்கொரு உயிலா எழுதிருவோம். வாசகம் ஒன்னு போல இருக்கட்டும். நீங்க இல்லாட்டி அவருக்கு, அவரு இல்லாட்டி உங்களுக்கு, ரெண்டு பேருக்கும் பிறகு மகளுக்கு" என்றார்.

"எதுக்கும்மா ரெண்டு? நாந்தான் முதல்ல போவேன். என்னுது மட்டும் எழுதுங்க" என்றார் இவர்.

"ஏன், டிக்கெட் எடுத்து வச்சிருக்கீகளாக்கும்?" என்றேன். அந்தம்மா சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் குனிந்து எழுதிக்கொண்டே, "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போயிட்டா என்ன செய்யணும்னும் ஒரு வரி சேர்க்கணும். எல்லார்கிட்டயும் கேக்குறதுதான், தப்பா நினைக்காதீங்க" என்றவர், இவருடைய நகக்கண்ணில் ஏறியிருந்த வெள்ளி நிறத்தைப் பார்த்தார். "எங்கன வேலை?"

"பட்டாசுக் கம்பெனிம்மா."

"ரெண்டு பேருமா?"

"ஒரே ரூம்தான்" என்றார் இவர், கொஞ்சம் பெருமையாகவே.

அந்தம்மாவின் பேனா நின்றுவிட்டது.

கல்யாணமான மறுமாசத்திலிருந்து நாங்கள் ஒரே ரூம். புஸ்வாணம் என்கிற பூச்சட்டிக்கு அவர் மருந்து அடைத்து வைப்பார், நான் தாள் ஒட்டுவேன். அவர் கை நீட்டினால் தண்ணியா துணியா என்று நிமிர்ந்து பார்க்காமலே எனக்குத் தெரியும். வெடி விபத்தில் எத்தனையோ பேர் போன வழி எங்களுக்கும் வரலாம் என்பது தெரியாததல்ல. தெரிந்துதான் தினமும் கம்பெனி வேன் ஏறினோம். ஆனால் அதை ஒருவர் வாய்விட்டுக் கேட்டு, நாங்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது அன்றைக்குத்தான்.

"மகளுக்கே நேரா போகட்டும்" என்றேன் நான்.

ரிஜிஸ்தர் ஆபீசில் என் கட்டைவிரல் ரேகை மெஷினில் விழவே இல்லை. பசையில் தேய்ந்த விரல். இவர் என் கையை வாங்கி, வேட்டி நுனியால் துடைத்து, வாயால் ஊதி, மறுபடி வைக்கச் சொன்னார். அத்தனை பேர் பார்க்க என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒருவழியாக ரேகை விழுந்தது.

அவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: "நான் வேற கம்பெனிக்குப் போறேன், புள்ள."

"சீசன் நேரத்துலயா? இங்கன என்ன குறைச்சல்?"

"குறைச்சல் ஒன்னுமில்ல. ரெண்டு பேருல ஒருத்தராவது அவளுக்கு வேணும்ல."

நான் சண்டை போட்டேன். நம்ம நேரம் முடிஞ்சா எங்கன இருந்தாலும் முடியும் என்றேன். அவர் எதிர்த்துப் பேசாமல் என் தலையில் கைவைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அடுத்த வாரம் ஆமத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனி வேனில் ஏறினார். என் பக்கத்தில் வேறொரு ஆள் உட்கார்ந்தார். நல்ல மனுஷன்தான். ஆனாலும் முதல் நாள் பழக்கதோஷத்தில் நான் அவரிடம் தண்ணிச் செம்பை நீட்டிவிட்டு, வெட்கத்தில் கையை இழுத்துக்கொண்டேன்.

விஷயம் தெரிந்ததும் மகள் அழுதாள். "வீடும் வேணாம், காடும் வேணாம். ரெண்டு பேரும் வேலைய விடுங்க, நான் சம்பாதிக்கிறேன்" என்றாள். "முதல்ல படிச்சு முடி தாயி" என்று இவர் சோற்றைப் பிசைந்து அவள் கையில் வைத்தார். சின்னப் பிள்ளை போல வாங்கிச் சாப்பிட்டாள்.

கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. அதனால் அவர் எப்படி இருக்கிறார் என்று பகல் முழுக்க எனக்குத் தெரியாது. என் வேன்தான் முதலில் ஊருக்கு வரும். வீட்டுக்குப் போகாமல் நிறுத்தத்திலேயே நிற்பேன். அவர் இறங்கி வருவதற்குள்ளேயே பேச ஆரம்பித்துவிடுவார்: அங்கே மேஸ்திரி எப்படி, யார் என்ன குழம்பு கொண்டுவந்தார்கள் என்று. ஒரே ரூமில் இருந்தவரைக்கும் எங்களுக்குச் சாயங்காலம் சொல்லிக்கொள்ள ஒன்றுமே இருந்ததில்லை.

"புதுசாக் கல்யாணமான சோடி போகுது" என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி பேசுகிறார்கள். பேசட்டும் என்று நாங்கள் மெதுவாகத்தான் நடக்கிறோம்.