லோர்னா எழுதிய பதினோரு வரி

பனி விழுந்தால் எங்கள் ஊர் ஓட்டர் ரன்னில் சாலையைத் திறந்துவிடுவது லோர்னா கோவாலிக்தான். பத்தொன்பது வருஷமாக ஊராட்சியின் பனிவாரி லாரி அவள் கையில் இருக்கிறது. குட்டையான உருவம். இருக்கையில் ஒரு தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் முன்கண்ணாடி வழியே சாலை தெரியும். அதைக் கிண்டல் செய்கிறவர் வீட்டு வாசலில் அவள் வேண்டுமென்றே பனியைக் குவித்துவிட்டுப் போவாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். நான் பக்கத்து வீட்டுக்காரன், ஆல்வின். எனக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு வேறு பொறுப்பு. எங்கள் வேட்டைக்காரர் கிளப்பின் துப்பாக்கி சுடும் திடலை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். வரிசையாக முப்பது பேர் சுட்டுக்கொண்டிருப்பார்கள். லோர்னா ஒரு குரல் கொடுத்தால் முப்பது பேரும் துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நிற்க வேண்டும். நிற்பார்கள். கிளப்பின் எழுபது வருஷத்தில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவள். நான் அதே கிளப்பின் சமையலறையில் இருப்பவன். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஊருக்கே மீன் வறுப்பது என் வேலை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், நவம்பரில், மாநில சட்டசபைக்கு ஒரு மசோதா வந்தது. வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைப் பூட்டித்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம். மான் வேட்டை தொடங்கும் நாளில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விடுகிற ஊர் எங்களுடையது. மசோதா என்ன பாடு பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சண்டை முழுக்க ஃபேஸ்புக்கில் எங்கள் ஊர்ப் பக்கத்தில் நடந்தது. ஊர் ஜனத்தொகை இரண்டாயிரத்து நூறு. அந்தப் பக்கத்தில் நாலாயிரம் பேர். மிச்சப் பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது.

லோர்னா அதில் அதிகம் எழுதுகிறவள் இல்லை. எந்தச் சாலை மூடியிருக்கிறது, எங்கே மரம் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் பதினோரு வரி எழுதினாள். தன்னிடம் நாலு துப்பாக்கி இருக்கிறது, நாலும் இரும்பு அலமாரியில் பூட்டியிருக்கிறது, அதனால் தன் சுதந்திரம் ஒன்றும் குறைந்துபோகவில்லை, இந்தச் சட்டம் வந்தால் நல்லது, மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள் என்று முடித்திருந்தாள்.

சொன்னார்கள். மறுநாள் மதியத்துக்குள் அறுநூறு பதில். துரோகி என்றார்கள். யாரிடம் காசு வாங்கினாய் என்று கேட்டார்கள். திடல் சாவியைப் பிடுங்குங்கள், லாரியையும் பிடுங்குங்கள் என்றார்கள். மசோதாவை ஆதரித்தவர்களும் அவளை விட்டுவைக்கவில்லை. பதினெட்டு வயதில் அவள் சுட்ட முதல் மானோடு நிற்கும் படத்தை எங்கிருந்தோ தோண்டியெடுத்து, கொலைகாரிக்குச் சட்டம் பேச என்ன யோக்கியதை என்று நகரத்து ஆட்கள் ஏசினார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே ஆளை அடித்த நாள் எங்கள் ஊரில் அது ஒன்றுதான்.

எல்லாரையும்விட மோசமாக எழுதியவன் ரோலண்ட் பைல். மலைமுகட்டுச் சாலையின் கடைசி வீடு அவனுடையது. ரம்பப் பட்டறை வைத்திருக்கிறான். லோர்னாவுக்கு முப்பது வருஷப் பழக்கம். இந்த மாதிரிப் பெண்ணைக் கிளப் வாசலைத் தாண்ட விடக்கூடாது என்று எழுதி, நடுவில் ஒரு வார்த்தையும் போட்டிருந்தான். அந்த வார்த்தையை நான் இங்கே எழுத மாட்டேன்.

நானும் எழுதினேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? வயசாகிவிட்டது, லோர்னாவுக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்று ஒரு வரி. முப்பத்திரண்டு பேர் சிரித்திருந்தார்கள். எனக்கு அன்றைக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. சாயங்காலம் வேலிப்பக்கம் அவளைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டேன்.

அந்த வாரமே பெரிய பனி. வாசலைப் பார்த்துக்கொள் ரோலண்ட், இன்றைக்கு உனக்கு ஒரு பனிமலை வரும் என்று எழுதி எழுதி மகிழ்ந்தார்கள். லோர்னா மலைமுகட்டுச் சாலையைக் கடைசி வீடு வரை வழித்து, லாரியைத் திருப்பிக்கொண்டு வந்தாள். வழக்கமாக எப்படிச் செய்வாளோ அப்படியே.

அந்த ஊர்ப் பக்கத்தை நடத்துவது மார்சி டில்சன், பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பெண். துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை. மசோதா வேண்டும் என்கிற கட்சி. லோர்னாவுக்கு நல்லது செய்வதாக நினைத்து, ரோலண்டையும் இன்னும் இருபத்திரண்டு பேரையும் பக்கத்திலிருந்து நீக்கினாள். லோர்னா அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனாள். அங்கே நடந்ததைப் பிறகு மார்சியே என்னிடம் சொன்னாள்.

"அவன் திட்டினது என்னை," என்றாளாம் லோர்னா. "என்னை ஒரு வார்த்தை கேக்காம நீ எதுக்கும்மா அவனை வெளிய தள்ளின?"

"உங்களுக்காகத்தான் செஞ்சேன்."

"எனக்காகன்னா உள்ள சேர்த்துடு. அந்த ஒரு வார்த்தையை எடுத்துடச் சொல்லு, போதும். அவன் சொல்ற விஷயம் அங்கேயே இருக்கட்டும். நான் இன்னும் அவனுக்குப் பதில் சொல்லல."

மார்சிக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்களும் கடைசியில் அவங்க ஆள்தான் என்றாள். பிறகு கொஞ்சம் தணிந்து, உங்கள் தம்பியைப் பற்றி எழுதுங்கள், ஒரு பயலும் வாய் திறக்க மாட்டான் என்றாள்.

லோர்னாவின் தம்பி எமில். அவன் இறந்து பதினாறு வருஷம் ஆகிறது. வேலை போய், மனைவியும் பிரிந்துபோன ஒரு பிப்ரவரி மத்தியானம், சமையலறை மேசை இழுப்பறையில் கிடந்த கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டான். பூட்டில்லாத இழுப்பறை. ஊருக்கே தெரியும். அந்தப் பதினோரு வரியில் எமிலின் பெயர் இல்லை.

"அதைச் சொன்னா எல்லாரும் வாயை மூடிப்பாங்க," என்றாளாம். "வாயை மூட வைக்கறதுக்கு நான் எழுதல."

மார்சி அவர்களைத் திரும்பச் சேர்க்கவில்லை. இதற்கிடையில் கிளப்பில் ஒரு மனு சுற்றியது. லோர்னாவைத் திடல் பொறுப்பிலிருந்து நீக்க வேண்டும் என்று நாற்பது கையெழுத்து. ஜனவரி இரண்டாம் ஞாயிறு மதியம் கூட்டம் போட்டார்கள். அன்றைக்கு நான் முட்டைக்கோஸ் நூடுல்ஸ் செய்து வைத்திருந்தேன். ஒருவரும் தொடவில்லை. கூடத்தில் எழுபத்தொன்பது பேர்.

லோர்னா ஒரு அட்டைக் கோப்போடு வந்தாள். தலைவர் மனுவை வாசித்து முடித்ததும், பேச ஐந்து நிமிஷம் கேட்டாள். பேசவில்லை. கோப்பைத் திறந்து, வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாளைக் கொடுத்தாள். முப்பத்தேழு பேருக்குத் தாள் இருந்தது. அவரவர் எழுதியது, அவரவர் பெயரோடு. என்னிடம் வந்தபோது என் முகத்தைப் பார்த்துத்தான் கொடுத்தாள்.

"இதையெல்லாம் நான் தனியா சமையலறையில உக்காந்து படிச்சேன்," என்றாள். "நீங்க எந்தக் குரல்ல சொன்னீங்கன்னு எனக்குத் தெரியல. ஒருவேளை நான் தப்பாப் படிச்சிருக்கலாம். நீங்களே ஒரு தரம் படிச்சுக் காட்டுங்க. அப்புறம் ஓட்டுப் போடுங்க."

ஏன் என்று தெரியவில்லை, முதலில் எழுந்தது நான்தான். என் வரியைப் படித்தேன். நாலே சொல். படித்து முடிப்பதற்குள் காது சுட்டது. முப்பத்திரண்டு பேர் சிரித்த இடத்தில் அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

"அவ்வளவுதானா ஆல்வின்?" என்றாள் லோர்னா. "நான் ஏதோ நீ பெருசா எழுதினதா நினைச்சுக்கிட்டிருந்தேன்." அப்போதுதான் கூடத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது. நானும் உட்கார்ந்தேன்.

பிறகு ரோலண்ட் எழுந்தான். ஆறடி மூன்றங்குல ஆள். தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தான். அந்த வார்த்தை வந்ததும் நின்றான். தாண்டிப் போவான் என்று நினைத்தேன். தாண்டவில்லை. அதையும் சத்தமாகப் படித்தான். முன்வரிசையில் அவன் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்த வார்த்தை தப்பு," என்றான் ரோலண்ட். "அதை வாபஸ் வாங்கிக்கறேன். மத்ததெல்லாம் இன்னிக்கும் அதேதான்."

"மத்ததுக்கு நான் பதில் சொல்லலாம்," என்றாள் லோர்னா. "சொல்லு, பூட்டுல உனக்கு என்ன கஷ்டம்?"

"எங்க வீட்டுக்குப் போலீஸ் வர நாப்பது நிமிஷம் ஆகும். பனி விழுந்தா நீ வழிச்சுவிட்டாத்தான் அவங்களே வர முடியும். எவனாவது கதவை உடைச்சா நான் சாவியைத் தேடிக்கிட்டா நிப்பேன்?"

"விரல் வெச்சா திறக்கற பெட்டி இருக்கு. மூணு செகண்ட்."

"எங்க முகட்டுக் குளிர்ல பேட்டரி செத்துடும். என் ஃபோனே சாகுது."

லோர்னா யோசித்தாள். "அது நிஜம்தான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல," என்றாள்.

எதிராளி சொன்னது நிஜம் என்று ஒருவர் ஒப்புக்கொண்டதைக் கேட்டு எங்களுக்கு வெகுகாலம் ஆகியிருந்தது. அதன் பிறகு கூடம் சூடுபிடித்தது. ஐந்து நிமிஷம் என்று ஆரம்பித்தது மூன்று மணி நேரம் ஓடியது. சத்தம் போட்டார்கள், மேசையைத் தட்டினார்கள், ஒருவர் கோபித்துக்கொண்டு வாசல் வரை போய்க் குளிருக்குப் பயந்து திரும்பி வந்தார். ஆனால் ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிட்டால் லோர்னா கையைத் தூக்கினாள். திடலில் போலவே அடங்கினார்கள். எமிலின் கதையை அங்கேயும் அவள் எடுக்கவில்லை. எமிலோடு படித்தவர்கள் நாலு பேராவது அந்தக் கூடத்தில் இருந்தார்கள். அவர்கள் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது.

ஓட்டெடுத்தார்கள். லோர்னா தொடரட்டும் என்று நாற்பத்திரண்டு, வேண்டாம் என்று முப்பத்தாறு. ஒருவர் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. ரோலண்ட் வேண்டாம் என்றுதான் தூக்கினான், எல்லாரும் பார்க்க நன்றாக உயர்த்தி. பிறகு நூடுல்ஸைச் சூடாக்கினேன். ஒரு இழை மிச்சமில்லை.

ஊர்ப் பக்கத்தில் அதைப் பற்றி யாரோ எழுதினார்கள். இரண்டு வாரம் கழித்து மார்சி அந்த இருபத்து மூன்று பேரையும் திரும்பச் சேர்த்தாள், லோர்னாவிடம் ஒன்றும் சொல்லாமல். ரோலண்ட் அந்த வார்த்தையை மட்டும் அழித்தான். சண்டை நின்றுவிட்டதா என்றால், இல்லை. இப்போதும் நடக்கிறது. ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் எழுதும்போது, இதைக் கூடத்தில் எழுந்து நின்று படிக்க முடியுமா என்று ஒரு கணம் யோசிக்கிறார்கள். நான் யோசிக்கிறேன்.

மசோதா அந்த வருஷம் தோற்றது. மறு வருஷம் மறுபடி வந்தது. பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம், ஆளுக்கு மூன்று நிமிஷம், மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்குக்கு வாருங்கள் என்று அறிவித்தார்கள். லோர்னா பெயர் கொடுத்தாள். ரோலண்டும் கொடுத்தான், எதிர்த்துப் பேச. அவன் வண்டிக்கு பிரேக் சரியில்லை. நாலு மணி நேரப் பயணம். என் வண்டியிலேயே வா என்று லோர்னா கூப்பிட்டாள். பின் இருக்கையில் நான்.

வழி முழுக்கப் பூட்டுதான். பாதி வழியில் காபிக்கு நிறுத்தியபோது, "உன் பேச்சைப் படி, கேப்போம்," என்றான் ரோலண்ட். படித்தாள். "மூணாவது பத்தி பலவீனமா இருக்கு. அதை எடுத்துடு," என்றான். எடுத்துவிட்டாள்.

சபை அறையில் ஆதரிப்பவர்கள் இடதுபக்கம், எதிர்ப்பவர்கள் வலதுபக்கம் என்று உட்காரவைத்தார்கள். லோர்னா முதலில் பேசினாள். எமிலைப் பற்றி ஒரு சொல் இல்லாமல் பேசி முடித்தாள். அடுத்து ரோலண்ட். போலீஸ் வர நாற்பது நிமிஷம் என்று அவன் ஆரம்பித்ததும், இடதுபக்கத்தில் ஒருவர் உரக்கச் சிரித்தார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ரோலண்ட் தடுமாறினான். கையிலிருந்த தாளில் இடம் தவறிப்போனது.

லோர்னா எழுந்து தன் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவர் எங்க ஊர்க்காரர். எனக்கு எதிராத்தான் பேசறார்," என்றாள். "எங்க ஊர் ரோடு எனக்குத் தெரியும், இவர் சொல்ற நாப்பது நிமிஷம் நிஜம். பேசி முடிக்கட்டும்."

தலைமை வகித்த அம்மா அவளை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள். அந்த அம்மாவே ரோலண்டிடம், முதலிலிருந்து தொடங்குங்கள், உங்கள் மூன்று நிமிஷத்தைப் புதிதாகக் கணக்கு வைக்கிறோம் என்றார். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான். அந்த அறை ஒரு சத்தமில்லாமல் கேட்டது.

எனக்கு அங்கே யாரையும் தெரியாது. இருந்தாலும் பக்கத்தில் டை கட்டி உட்கார்ந்திருந்தவர் பக்கம் சாய்ந்து, அந்தப் பெண் எங்கள் ஊர், என் பக்கத்து வீடு என்று சொன்னேன்.