மடியில் விழுந்த வெயில்

ஸ்ஃபாக்ஸ் என்ற கடற்கரை நகரத்து மீன் சந்தைக்குப் பின்னால், நட்டநடுப் பகலிலும் ஜன்னல் திறக்காத வீடு ஒன்று இருந்தது. நஜ்வா குடியிருந்த வீடு. கனமான நீலத் துணியை இரட்டையாக மடித்து அவளே திரைகள் தைத்திருந்தாள். ஜீன்ஸ் கம்பெனியில் தையல் மெஷின் மிதித்தவளுக்கு அது பெரிய வேலை இல்லை. திரைக்கும் சுவருக்கும் நடுவே நூலளவு வெளிச்சம் தெரிந்தாலும் எழுந்து போய் ஊசியால் தைத்து மூடிவிட்டு வருவாள். அக்கம்பக்கத்தார் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

அவளுடைய மூத்த பிள்ளை ஸுஹைர் வெயிலில் வளர்ந்தவன். கைக்குழந்தையாக இருந்தபோதே வெளியே போய் வந்தால் முகம் சிவந்து வீங்கும், கண் கூசி அழுவான். ஊர்க்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருத்தி சொன்னாள், கண்ணேறு என்று இன்னொருத்தி. நஜ்வா ஆலிவ் எண்ணெய் தடவினாள், சாம்பிராணி போட்டாள், கோடைக்குக் கெர்க்கெனா தீவுக்கே கூட்டிப் போனாள். பையனின் முகமெல்லாம் துவரம்பருப்பு இறைத்தது போலப் புள்ளிகள் வந்தன. புள்ளிகள் புண்களாகின, புண்கள் கட்டிகளாகின. வெயில்தான் அவனைத் தின்கிறது என்று தலைநகரத்து மருத்துவமனையில் சொன்னபோது அவன் ஒரு கண்ணை இழந்திருந்தான். மறுவருடமே அடக்கம் செய்தார்கள்.

நஜ்வாவும் அவள் கணவன் லுத்ஃபியும் அண்ணன் தங்கை பிள்ளைகள். இருவர் ரத்தத்திலும் இருந்த குறை பிள்ளைக்கு இறங்கிவிட்டது என்றார் மருத்துவர். அடுத்து மகள் துர்ரா பிறந்தபோது அதனால் தாமதிக்கவில்லை, உடனே தோலைச் சோதித்தார்கள். அதே நோய்தான். வெயிலால் தோலுக்கு ஏற்படும் சேதத்தை இவர்கள் உடம்பு சரிசெய்துகொள்ளாது. அன்றிலிருந்து துர்ரா நிலாப் பிள்ளை. அங்கே அப்படித்தான் சொல்வார்கள். சூரியன் இறங்கிய பிறகே அவளுக்கு வாசல் திறக்கும். பகலில் போயே ஆகவேண்டும் என்றால் தலை முழுக்க மூடும் முகமூடி, முன்பக்கம் கண்ணாடித் தகடு, உள்ளே சின்ன விசிறி, கையுறை, அடியில் களிம்பு. நஜ்வாவின் கழுத்தில் எப்போதும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி தொங்கும். கெட்ட கதிர் பட்டால் கிறீச்சிடும்.

லுத்ஃபி கடலுக்கு அக்கரையில் மார்சேய் நகரத்தில் ஒரு ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை பார்த்தான். துர்ராவுக்கு ஏழு வயதாகும்போது குடும்பத்தை அழைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. பிள்ளையின் கன்னத்தில் வந்திருந்த புள்ளியைக் காட்ட, இந்த நோய்க்கென்றே இருக்கும் ஒரு பெரிய மருத்துவரிடம் நாளும் வாங்கிவிட்டான். ஜூன் மாதம். இருட்டிய பிறகு கிளம்பி இருட்டிலேயே இறங்கும் விமானமாகப் பார்த்துத்தான் சீட்டு எடுத்தான்.

தலைநகரத்து விமான நிலையத்தில், பைகளைச் சோதிக்கும் இடத்தில் முதல் அடி விழுந்தது. பகலிலேயே ஊரிலிருந்து வண்டி ஏறியதால் துர்ரா இன்னும் முகமூடியோடு இருந்தாள். காவலர் களிம்புப் புட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது உள்ள போகாது. நூறு மில்லிக்கு மேல எதையும் விட மாட்டோம்."

"அண்ணே, இது அழகுக்குப் பூசுற கிரீம் இல்ல, மருந்து. இது இல்லன்னா என் பிள்ளைக்குத் தோலே இல்லாத மாதிரி."

அவர் மருத்துவர் கொடுத்த தாளை மறுபடி படித்தார். "முகமூடின்னு இருக்கு, கையுறைன்னு இருக்கு. அதான் கழட்டச் சொல்லாம விட்டேன். கிரீம்னு எங்க இருக்கு, நீயே காட்டு."

"எழுத மறந்துட்டாங்கண்ணே."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? என் வேலைக்கு உலை வைக்காத தங்கச்சி. பின்னாடி எவ்ளோ பேரு நிக்கிறாங்க பாரு."

"தூக்கிப் போடறதுக்கு முன்னாடி பூசிக்கவாவது விடுங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு, நஜ்வா பிள்ளையை மூலைக்கு இழுத்துப் போய் முகமூடியைக் கழற்றி, மாவில் புரட்டிய ரொட்டி மாதிரி ஆகும்வரை அப்பினாள். "உம்மா, கண்ணுல போகுது!" என்று துர்ரா கத்தினாள். மிச்சமிருந்த களிம்பு அவள் கண்முன்னாலேயே குப்பைத் தொட்டிக்குப் போனது. இருட்டில்தானே போகிறோம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

உள்ளே போய் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் அறிவிப்பு வந்தது. விமானத்தில் கோளாறாம். விடிந்த பிறகுதான் கிளம்புமாம்.

நஜ்வா எழுந்து நின்றாள். சுற்றிப் பார்த்தாள். அந்தக் கூடத்துக்குச் சுவரே இல்லை, எல்லாம் கண்ணாடி. லுத்ஃபியைப் போனில் கூப்பிட்டாள்.

"ஊருக்கே திரும்பிப் போயிடட்டுமா?"

"எதுல போவ நஜ்வா? இப்போ வண்டி ஏறினா பாதி வழியில விடிஞ்சிடும். டாக்டர் இனிமே குளிர்காலத்துலதான் தேதி தருவாரு. அவ கன்னத்துல இருக்கிற புள்ளிய அதுவரைக்கும் விட முடியாது."

"களிம்பு இல்ல லுத்ஃபி. எடுத்துட்டாங்க."

"அல்லா இருக்கான்" என்றான் லுத்ஃபி. அவன் குரலே அதை நம்பவில்லை.

வானம் சாம்பல் நிறத்துக்கு வந்தபோது கருவி முதல் கிறீச்சை விட்டது. நஜ்வா மகளை வாரிக்கொண்டு ஓடினாள். ஜன்னல் இல்லாத இடம் ஒன்றுதான் கிடைத்தது, பெண்கள் தொழும் சின்ன அறை. அங்கே குட்டையான, பருத்த ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்து முகத்தில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். தலைமுடி செம்பட்டை, விரல் நிறைய மோதிரம். பெயர் மொஞ்சியா, மார்சேயில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். துர்ராவின் முகமூடியைப் பார்த்ததும் அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

"யாரு இது, சந்திரனுக்குப் போற ஆளா? கேட் மாறி வந்துட்டீங்களா?"

"நான் அங்கேர்ந்துதான் வந்தேன்" என்றது முகமூடிக்குள்ளிருந்து ஒரு குரல்.

மொஞ்சியா விழுந்து விழுந்து சிரித்தாள். பையைக் கவிழ்த்துக் கட்டைவிரல் உயரச் சிமிழ்களைப் பரப்பினாள். "நீயும் பூசிக்கோடி. மேல இருக்கிற காத்து இருக்கே, தோஸர் பாலைவனக் காத்தெல்லாம் பிச்சை வாங்கணும். தோல்ல இருக்கிற தண்ணிய உறிஞ்சிடும். ஏறுறதுக்கு முன்னாடி எண்ணெய், உதட்டுக்கு மெழுகு, கண்ணுக்குச் சொட்டு மருந்து. காபி குடிக்காத, தண்ணி குடி. பவுடர அப்பிட்டு ஏறுற பொண்ணுங்க எல்லாம் இறங்கும்போது வெடிச்ச வயல் மாதிரி இறங்குவாளுங்க. ஏன் இப்படி மூடி வெச்சிருக்க பிள்ளைய? வேர்க்கும்ல?"

நஜ்வா சொன்னாள். ஸுஹைரையும் சேர்த்துச் சொன்னாள். யாரிடமும் சொல்லாததை எல்லாம் அந்த முன்பின் தெரியாதவளிடம் கொட்டினாள். மொஞ்சியாவின் கை முகத்திலேயே நின்றுவிட்டது.

"அடிப்பாவி. நான் பாட்டுக்குக் கேலி பேசிட்டு இருக்கேன், முதல்லயே வாயில அடிக்க வேண்டியதுதானே" என்று பையின் அடியைத் துழாவினாள். வெயிலுக்குப் பூசும் களிம்பு, சின்னச் சின்னக் குழாய்களில் மூன்று. "கடைக்கு வாங்கினது. எடு. எல்லாத்தையும் எடு."

"வாசனை கலந்ததா அக்கா? வாசனை பட்டாலே இவளுக்குப் பொங்கிடும்."

"மோந்து பாரு. பச்சத் தண்ணி மாதிரி இருக்கு."

நஜ்வா மோந்து பார்த்தாள், படித்தாள், மகளின் முழங்கை மடிப்பில் சிறிது தடவிக் காத்திருந்தாள். தோல் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் கையில்தான் பூசினாள், தன்னை அறியாமல் பிஸ்மில்லா சொல்லிக்கொண்டே.

விமானம் தூரத்தில் நின்றது. கதவிலிருந்து பஸ்ஸுக்கு, பஸ்ஸிலிருந்து படிக்கட்டுக்கு, எல்லாம் திறந்த வெயில். தரையே கண்ணாடி போல் மின்னியது. கருவி விடாமல் கத்தத் தொடங்கியதும் நஜ்வா அதைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். மொஞ்சியா தன் பெரிய வெள்ளைப் போர்வையைப் பிள்ளையின் மேல் கூடாரமாகப் பிடித்தாள். மூன்று பேரும் ஒரே விலங்காக நடந்தார்கள்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன நோய்? ஒட்டுமா? எனக்கும் பிள்ளைங்க இருக்கு" என்று படிக்கட்டில் ஒருவர் ஒதுங்கினார்.

"உன் வாய்தான்யா ஒட்டுவாரொட்டி. மூடிட்டு ஏறு" என்றாள் மொஞ்சியா.

பக்கத்து இருக்கைக்காரரைக் கெஞ்சி மிரட்டி மொஞ்சியா அவர்கள் வரிசைக்கே வந்துவிட்டாள். நஜ்வா தானே சுவராக ஜன்னலோரம் உட்கார்ந்து, அதன் தகட்டை இறக்கி, மகளை நடுவில் வைத்தாள். பணிப்பெண் வந்தாள்.

"அக்கா, கிளம்பும்போது ஜன்னல் திறந்திருக்கணும். அது விதி."

"திறந்தா என் பிள்ளை எரிஞ்சிடும்மா."

அந்தப் பெண் முகமூடியைப் பார்த்தாள், விமானியைக் கேட்கப் போனாள், திரும்பி வந்தாள். "உங்களோடது மட்டும் மூடி இருக்கட்டும். மத்தவங்களோடது மேல போனதும் மூடச் சொல்றேன்."

விமானம் ஓடுபாதையில் திரும்பியபோது எதிர் வரிசை ஜன்னல்களிலிருந்து வெயில் உள்ளே நுழைந்து, ஒவ்வொரு மடியாகத் தடவிக்கொண்டு வந்தது. நஜ்வா மகளின் மேல் கவிழ்ந்து படுத்தாள். முதுகில் சூடு ஏறி, கடந்து போனது. அவள் ஸுஹைரின் பெயரையும் துர்ராவின் பெயரையும் மாற்றி மாற்றி முணுமுணுத்ததை மொஞ்சியா கேட்டாள், கேட்காதது போல இருந்தாள்.

மேலே போனதும் ஜன்னல்கள் மூடப்பட்டன. கருவி அடங்கியது. முகமூடியின் விசிறி எப்போதோ நின்றுபோயிருந்தது. "உம்மா, மூச்சு முட்டுது" என்றாள் துர்ரா. நஜ்வா கழற்றினாள். பிள்ளையின் உதடு வெடித்து, மூக்கோரம் செதிலாக உரிந்திருந்தது. மொஞ்சியா கொடுத்த மெழுகை உதட்டில் தடவி, கண்ணில் சொட்டு விட்டு, தண்ணீர் கொடுத்து, கையுறையையும் உருவி மறுபடி களிம்பு பூசத் தொடங்கினாள். ஒரு கை முடிந்தது. இன்னொரு கையை எடுத்தது அவளுக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நினைவில்லை. முந்தின நாள் காலையிலிருந்து கண் மூடாத உடம்பு.

கிறீச் சத்தம் கேட்டுத்தான் விழித்தாள்.

ஜன்னல் தகடு ஒரு விரல்கடை மேலே ஏறியிருந்தது. அந்தச் சந்து வழியாக அவள் மடியில் வெயில் விழுந்திருந்தது, துணி கிழித்தாற்போல் ஒரு பட்டை. அந்தப் பட்டைக்குள் துர்ராவின் கை, மறுபடி களிம்பு பூசாத கை, உள்ளங்கையைக் கவிழ்த்து அப்படியே வைத்திருந்தது. பிள்ளை மூச்சுக்கூட விடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நஜ்வா போட்ட அலறலில் விமானமே திரும்பிப் பார்த்தது. தகட்டை அடித்து இறக்கினாள். மகளின் கையைத் தன் வயிற்றுக்குள் புதைத்துக்கொண்டாள்.

"எவ்ளோ நேரம்? சொல்லுடி, எவ்ளோ நேரம் வெச்சிருந்த?"

"கொஞ்ச நேரம்."

"கொஞ்ச நேரம்னா?"

"தெரியல உம்மா. சூடா இருந்துச்சு. பூனைக்குட்டி மேல கை வெச்ச மாதிரி இருந்துச்சு."

மொஞ்சியாவும் தூங்கிப்போயிருந்தாள். நஜ்வா கேட்டு வாங்கிய ஈரத்துணியை அந்தக் கையில் சுற்றினாள். அடிக்க ஓங்கிய தன் கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவளையே அணைத்துக்கொண்டு, "என் ஈரக்குலையே, என் ஈரக்குலையே" என்று இறங்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்தப் பிள்ளைகளுக்கு வெயில் சுட்ட புண் உடனே தெரியாது. இரண்டு மூன்று நாள் தோலுக்குள் ஒளிந்திருந்துதான் மேலே வரும். அந்த நாட்கள்தான் தன் வாழ்க்கையிலேயே நீளமானவை என்று நஜ்வா இப்போதும் சொல்வாள். முகமூடியும் போர்வையுமாகப் போய்ச் சேர்ந்த மார்சேய் வீட்டில் லுத்ஃபி ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டி வைத்திருந்தான். கூஸ்கூஸ் செய்து வைத்திருந்தான். அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. விளக்கடியில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் ஒன்றும் இல்லை. மறுநாளும் இல்லை. "பாத்தியா, தப்பிச்சிட்டோம்" என்றான் லுத்ஃபி. "வாய மூடு" என்றாள்.

அடுத்த நாள் காலையில் புறங்கை சிவந்திருந்தது. மாலையில் கொப்புளம். விரல் கணுக்களுக்குக் குறுக்கே, ஜன்னல் சந்தின் அகலத்துக்குச் சரியாக.

மருத்துவர் கட்டுப் போட்டார், கன்னத்துப் புள்ளியை வெட்டி எடுத்தார். "தூங்கினது உன் குத்தம் இல்ல. யாரா இருந்தாலும் தூங்கியிருப்பாங்க" என்றார். லுத்ஃபி அதை அவளிடம் பல தடவை திரும்பச் சொன்னான். அவள் காதில் அது ஏறவில்லை. காயம் ஆற ஒரு மாதம் ஆனது. ஆறிய இடத்தில் துவரம்பருப்புப் புள்ளிகள் முளைத்தன. அன்றிலிருந்து மாதாமாதம் அதைக் காட்டப் போகிறார்கள். ஒன்றை வெட்டிச் சோதித்தார்கள், கெட்டது இல்லை என்று வந்தது. மற்றவை அப்படியே இருக்கின்றன.

மொஞ்சியா சொந்த அக்கா மாதிரி ஆகிவிட்டாள். அவள் கடைக்கு நஜ்வா திரையும் மேலங்கியும் தைத்துக் கொடுக்கிறாள். நஜ்வா மறுபடி விமானம் ஏறியது ஒரே தடவைதான், தன் அம்மா மௌத்தாகி அடக்கம் நடந்தபோது. தனியாகப் போய்வந்தாள். மகளை அதற்குள் ஏற்ற யார் சொல்லியும் கேட்கவில்லை.

துர்ரா இப்போது பள்ளியில் பெரிய வகுப்பு படிக்கிறாள். களிம்பைத் தானே பூசிக்கொள்கிறாள், கருவியைத் தன் கழுத்தில் மாட்டிக்கொள்கிறாள். இருட்டியதும் தோழிகளோடு துறைமுகம்வரை நடந்து வருவாள். ஒருநாள் கிளம்பும்போது கேட்டாள், "உம்மா, நான் வளந்ததும் தனியா எங்கயாவது போனா என்ன பண்ணுவ?"

"பின்னாடியே வருவேன்."

"நான் கேக்குறது நிஜமா."

"நானும் நிஜமாத்தான் சொல்றேன். போ, ஒம்பது மணிக்குள்ள வந்துரு."

கதவைச் சாத்திவிட்டு நஜ்வா உள்ளே போகமாட்டாள். படியில் மகளின் செருப்புச் சத்தம் கீழே இறங்கி, தெருவுக்குப் போய், தேயும்வரை அங்கேயே நிற்பாள். வெளியே நல்ல இருட்டு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நிற்பாள்.