இருபத்தேழு இறங்குமா?

நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவள் என்பது தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டிக் கொடுக்கும் அந்தக் கம்பெனியில், லைனுக்குப் பிளஸ் டூ படித்த பெண்களை மட்டும்தான் எடுப்பார்கள். டிகிரி படித்தவள் நிலைக்க மாட்டாள், எதிர்க்கேள்வி கேட்பாள் என்பது அவர்கள் எண்ணம். பிளஸ் டூ முடித்து மூன்று வருஷம் என்ன செய்தாய் என்றார்கள். தென்காசியில் பீடி சுற்றினேன் என்றேன். ஊரில் என் சம்பளத்தில்தான் உலை கொதித்தது.

பெர்மனென்ட் லிஸ்ட் வர வேண்டிய மாதத்தில், கம்பெனி பஸ்ஸில் ஒரு விளையாட்டு கிளம்பியது. கம்பெனி தந்த டோக்கன் நம்பரின் கடைசி இரண்டு இலக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். இரட்டைப்படை என்றால் பாதியாக்கு. ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. வந்த எண்ணை வைத்து மறுபடியும் அதையே செய். சுங்குவார்சத்திரத்தில் ஏறி, கம்பெனி கேட் வருவதற்குள் ஒன்றில் வந்து நின்றால் வேலை நிரந்தரம். ஜோசியத்தைவிட இதைப் பெண்கள் நம்பினார்கள். பதினாறு வைத்திருந்தவள் டீக்கடையைத் தாண்டும் முன்பே பெர்மனென்ட் ஆகிவிட்டாள்.

என் அறைத்தோழிக்கு இருபத்தேழு. எண்பத்திரண்டு, நாற்பத்தொன்று, நூற்று இருபத்துநான்கு என்று ஏறிக்கொண்டே போனது. உள்ளங்கை நிறைந்து முழங்கை வரை பேனா மை. கேட் வந்தபோது எழுநூற்றில் நின்றாள். தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. "ஏட்டி, அழாத. இருபத்தேழு ஒன்பதாயிரத்தத் தாண்டிப் போயிட்டுத்தான் இறங்கும். கண்டிப்பா ஒண்ணுக்கு வந்துரும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பின் சீட்டில் எங்கள் லைன் லீடர், உள்ளூர்க்காரி. "இன்னா, போட்டுப் பாக்காமயே சொல்ற? உனக்கு எப்டித் தெரியும்?"

"சும்மா தோணிச்சுக்கா."

அவள் விடவில்லை. "அப்போ எந்த நம்பர எடுத்தாலும் ஒண்ணுலதான் வந்து நிக்குமா? சொல்லு."

அதற்குத்தான் கணிதத்திலேயே இன்னும் விடை இல்லை. போட்டுப் பார்த்த எண்ணெல்லாம் இறங்கியிருக்கிறது. எல்லா எண்ணும் இறங்கும் என்று நிரூபித்தவர் யாருமில்லை. கல்லூரியில் இதை முதலில் கேட்ட வாரம், சாப்பாட்டுத் தட்டின் முன்னால்கூடக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் நான்.

"தெரியாதுக்கா."

"பிளஸ் டூவுக்கு இன்னா தெரியும்! எறங்கு எறங்கு, டைம் ஆவுது" என்று சிரித்தபடி முதுகில் தட்டினாள். எந்தப் பேராசிரியரும் என் 'தெரியாது'வைவிடச் சரியான பதிலைச் சொல்லியிருக்க முடியாது. தப்பித்த நிம்மதியோடு எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தோழி பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் முழுக்கப் போட்டு முடித்தாள். "யக்கா, ஒண்ணு வந்துட்டு! நீங்க சொன்ன மாரியே ஒன்பதாயிரத்தத் தாண்டிட்டுத்தான் எறங்குச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எங்கம்மை பீடி சுத்துறவ. உங்க விரலு பீடி சுத்துன விரலே இல்லக்கா. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

சொல்லவும் இல்லை. லிஸ்ட்டில் எங்கள் இருவர் பெயரும் வந்தது. ஆனாலும் அவள் லீடரிடம் சிரித்துப் பேசினால் வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வேன். அந்தக் கம்பெனியில் என்மேல் உயிரையே வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். கடைசிவரை அவளைப் பார்த்துத்தான் பயந்துகொண்டிருந்தேன்.